மேலிருந்து எடுத்த படம்

நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம் வரைக்கும் உதயசூரியனுக்கு அந்தப் புத்தகத்தோடு எந்தச் சண்டையும் இல்லை. ஏழாம் வான்பிரிவின் வரலாறு. தடித்த அட்டை, வழவழத் தாள், முந்நூறு பக்கம். வெள்ளைக்காரன் விட்டுப்போன ஓட்டை விமானங்களில் தொடங்கி, யார் எந்த மலைக்கு மேலே பறந்தார், யார் என்ன பதக்கம் வாங்கினார் என்று போனது. பர்மிய எழுத்தில் எங்காவது புள்ளி விட்டிருக்கிறதா, வட்டம் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. பார்த்துப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுவான். அவன் கையெழுத்தில்லாத பக்கம் அமீர் அலியின் அச்சகத்தில் இயந்திரத்துக்குப் போகாது.

மனைவி செத்துப் பதினான்கு மாதம். அதன்பின் அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. தன் பேட்டையான தாகேதாவில் பஸ் ஏறுவான், வேலை பார்ப்பான், திரும்பிப் போய்ச் சோற்றைத் தின்பான். விமானக்காரர்களின் புத்தகம் என்று தெரிந்தும், மேசைக்கு வந்ததை எடுத்து வைத்துக்கொண்டான்.

அந்தப் பக்கத்தில் ஒரு படம். உயரத்திலிருந்து எடுத்தது. மரங்களுக்கு நடுவே திடல். திடலில் நீளமாக ஒரு பள்ளம். அதன் முனையில் சின்னச் சதுரமாக இன்னொன்று. ஆற்றங்கரையிலிருந்து திடல்வரை எறும்பு ஊர்கிற மாதிரி ஒற்றை வரிசையில் ஆட்கள். எல்லாரும் மஞ்சள். படத்தின் கீழே குறிப்பு: 'எதிரிகளின் பயிற்சி முகாம். நீண்ட பதுங்குகுழி, அதையொட்டித் தலைவனின் பதுங்கறை. சீருடை அணிவகுப்பு. தாக்குதல் முழு வெற்றி. பொதுமக்களுக்குச் சேதமில்லை.'

பழக்கத்தில் எழுத்துப்பிழை தேடினான். இல்லை. பிறகுதான் படத்தை மறுபடி பார்த்தான்.

அந்தச் சின்னச் சதுரம் பால்குழி. நெருப்பில் நடந்து வருகிறவர்கள் கால் நனைக்கப் பால் ஊற்றி வைக்கும் குழி. பெரியது பூக்குழி. பெகுவுக்கு அப்பால், கரும்புக்காட்டு நடுவில் இருக்கும் தமிழ்க் கிராமம். அங்கே திரௌபதி அம்மன் கோயில். மஞ்சள் எந்தப் பட்டாளத்துச் சீருடையும் அல்ல, மஞ்சள் நீரில் நனைத்த நேர்த்திப் புடவை. படத்தில் போட்டிருந்த தேதியும் அவன் மனைவி செத்த அதே தேதி. அந்த வரிசையில் ஏதோ ஒரு புள்ளி பாமா.

சத்யபாமா நெருப்பு மிதிக்கப் போனது அவனுக்காக. பட்டாளத்துக்குக் கட்டாய ஆள் எடுக்கிற குலுக்கலில் அவன் பெயர் விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். விழவில்லை. அன்றைக்கு வேலை அதிகம் என்று அவன் கூடப் போகவில்லை. குண்டு விழும்போது அவள் இன்னும் குழியில் கால் வைக்கவில்லை என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். செத்தவர்கள் இருபத்து மூன்று பேர்.

பதினான்கு மாதமாக எட்டிப் பார்க்காத சூடு காதோரம் ஏறியது. கொன்றது போதவில்லையா இவர்களுக்கு? செத்தவளுக்குச் சீருடை மாட்டி, எதிரி என்று பெயர் வைத்து, நூலகம் நூலகமாக நிற்க வைக்க வேண்டுமா? அதன் அடியில் அவன் கையெழுத்து வேறு.

தாளை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனான்.

"பாய், இந்தப் பக்கத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அமீர் அலி டீயை உறிஞ்சினார். "ஏன், அவ்வளவு பிழையா? எழுதினவன் துப்பாக்கி பிடிச்ச கைடா, அப்படித்தான் இருக்கும்."

"படத்தைப் பாருங்க. பூக்குழி. பாமா போன கோயில்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சூரியா, இதை நீ பாக்கலை. நானும் பாக்கலை. கம்ப்யூட்டர்ல இருக்கிற அஸ்மாகிட்ட குடு, அவ போட்டுடுவா."

"அஸ்மா கையெழுத்துப் போட்டா அது பதுங்குகுழி ஆயிடுமா?"

"ஆகாது. ஆனா அச்சகம் இருக்கும். பதினோரு குடும்பம் இதுல சாப்பிடுது."

"முகாம்னு போடாம சும்மா திடல்னு போடச் சொல்லுங்க. அது போதும்."

"யாரு, நான் சொல்றதா? எனக்குத் தாடி வேற இருக்கு, பட்டாளத்துக்காரனுக்கு அதுவே போதும்."

அதற்குள் நூலாசிரியரே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற மேஜர். மெதுவாகப் பேசுகிறவர். வரும்போதெல்லாம் வேலைக்காரர்களுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவருவார். எல்லாரும் மரியாதையாக 'சயா' என்று கூப்பிடுவார்கள். அமீர் அலி இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தார். உதயசூரியன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சயா, இந்தப் பக்கத்தில் தவறு இருக்கிறது" என்று பர்மிய மொழியில் சொன்னான். பள்ளம் எதற்கு, பால் எதற்கு, மஞ்சள் எதற்கு, எல்லாம் சொன்னான். "இது முகாம் அல்ல. கோயில் திருவிழா." மனைவியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மேஜர் ஆர்வமாகக் கேட்டார். "வெறும் காலோடா நடக்கிறார்கள்? பெண்களுமா?" சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நல்லவேளை சொன்னாய், மகனே. வரலாற்றில் தவறு இருக்கக் கூடாது."

ஒரு கணம் உதயசூரியன் நம்பிவிட்டான்.

மேஜர் பழைய குறிப்பை அடித்துவிட்டு எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்: 'கோயில் திருவிழா என்ற போர்வையில் கூடிய எதிரிகள். நெருப்பில் நடக்க வைத்து ஆட்களைப் பழக்குகிறார்கள்.'

"இப்போது சரியாக இருக்கிறது, இல்லையா? அந்தப் பால் விஷயத்தை நீயே ஒரு வரி சேர்த்துவிடு. உனக்குத்தான் தெரிந்திருக்கிறது." பேனாவை அவன் பக்கம் நீட்டினார்.

உதயசூரியன் வாங்கிக்கொண்டான். மேஜர் எழுதியதன்மேல் ஒரு கோடு இழுத்தான். ஓரத்தில் எழுதினான்: 'திரௌபதி அம்மன் கோயில் தீமிதி. வரிசையில் வருகிறவர்கள் ஆற்றில் குளித்துவிட்டு வரும் விரதக்காரர்கள். குண்டு போட்டதில் இருபத்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் சத்யபாமா, வயது இருபத்தாறு, தாகேதா.' அடியில், வழக்கமான இடத்தில், கையெழுத்தும் போட்டான்.

மேஜர் ஒருமுறை படித்தார். இன்னொரு முறையும் படித்தார்.

"இந்தப் பெண் உனக்கு யார்?"

"மனைவி."

அவர் முகத்துச் சிரிப்பு உடனே போகவில்லை. மறந்து வைத்த பொருள் போல அங்கேயே கிடந்தது. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "பழைய குறிப்பே இருக்கட்டும், அமீர் அலி. புதிதாக ஒரு படி எடுங்கள். நானே கையெழுத்துப் போடுகிறேன்."

எடுத்தார்கள். போட்டார். படியிறங்கிப் போனார்.

அமீர் அலி நாற்காலியில் விழுந்தார். "அறிவு கெட்டவனே. உன் பேரை உன் கையாலேயே எழுதி அவன் பையில வச்சிட்டியே."

"அவ பேரும் இருக்கு, பாய்."

"அதால என்ன ஆச்சு? பக்கம் அப்படியேதான் அச்சாகப் போகுது."

"ஆகட்டும். தெரியாம எழுதிட்டேன்னு இனிமே அந்தாளு சொல்ல முடியாது."

அமீர் அலி டீக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார். அவன் முகத்தைப் பார்க்காமல், "இன்சீன்ல என் மச்சான் இருக்கான். கொஞ்ச நாள் அங்க போய் இரு. பின்பக்கமா இறங்கு" என்றார். அஸ்மா திரையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

உதயசூரியன் முன்வாசல் வழியாகவே இறங்கினான். மேஜரின் கார் இன்னும் அங்கேதான் நின்றது. உள்ளே அவர் அந்த மடித்த தாளை விரித்து வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் பேச்சு நின்றது. உதயசூரியன் கண்ணாடிக்கு வெளியே நின்று அவரைப் பார்த்தான், வேறு எங்கும் போக அவசரமில்லாதவன் போல.