கிருமிகளுக்கும் ஆயுத பூஜை

கலைவாணி வீட்டில் ஆயுத பூஜையன்று தறிக்குச் சந்தனம் வைத்துவிட்டால், மறுநாள் பூஜை முடியும்வரை யாரும் ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தொடமாட்டார்கள். பட்டு நெய்கிற வீட்டுப் பெண் அவள். ஆனாலும் தான் வேலை பார்க்கிற தோல் தொழிற்சாலையிலும் அதே பூஜை நடக்கும் என்பதை மட்டும் மறந்து தொலைத்தாள். படித்த பிள்ளைகளுக்கே உரிய மறதி.

தாமல் கிராமத்துப் பக்கத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் அவள் கிருமி வளர்த்தாள். தோல் பதனிட்ட கழிவுநீரை மஞ்சளாக்கி வைத்திருக்கும் குரோமியம் பொல்லாத விஷம். அவளுடைய கிருமிகள் அதைச் சாதுவாக்கி, பச்சை வண்டலாக அடியில் படியவைக்க வேண்டும். ஏட்டில் எல்லாம் சரிதான். தொட்டியிலோ, ஓயாமல் மோட்டார் போட்டுக் காற்று ஊதியும், வேளாவேளைக்கு வெல்லப்பாகு ஊற்றியும், புது மாப்பிள்ளைகள் மாதிரி தின்றுவிட்டுச் சும்மா கிடந்தன. முதலாளி ராஜகோபால் பொறுத்துப் பார்த்தார். "பூஜை முடிஞ்சி வந்து பாப்பேன். தண்ணி அப்படியே இருந்துச்சின்னா தொட்டிய எடுத்துடலாம்மா" என்று சொல்லிவிட்டார். எடுத்தால் அவள் ஆராய்ச்சியும் அதோடு போச்சு.

விஜயதசமி காலையில் உள்ளே நுழைந்தவள் தொட்டிப் பக்கம் ஓடினாள். மோட்டார் சத்தமே இல்லை. அது பட்டை பட்டையாகச் சந்தனம் பூசி, மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, மோட்டார் ஏன் ஓடல?"

தொட்டியையும் மோட்டாரையும் பார்த்துக்கொள்ளும் சத்யராஜ் பெருமையாகச் சிரித்தார். "நேத்து பூஜை போட்டமேம்மா! பொட்டு வெச்சப்புறம் யாராவது ஓட்டுவாங்களா?"

"உள்ள இருக்கிறது உயிருண்ணே! காத்து இல்லாம அத்தனையும் செத்திருக்கும்!"

"அய்யய்யோ! அதுங்களுக்கும் சேத்துத்தான் பொரி போட்டேன்மா."

கலைவாணிக்கு அழுகை முட்டியது. "என் பொழப்பையே கெடுத்துட்டீங்க!" என்று கத்தினாள். அவர் முகம் சுருங்கிப்போனது. அந்த நேரம் பார்த்துத்தானா முதலாளி வந்து நிற்க வேண்டும்!

யார் மேல் பழி போடுவது என்பதை மனதுக்குள் முடிவு செய்துகொண்டே, தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சோதனை மருந்தை விட்டாள். விஷம் இருந்தால் கத்தரிப்பூ நிறம் வரும். வரவில்லை. இன்னொரு சொட்டு விட்டாள். அப்போதும் வரவில்லை. தொட்டியை எட்டிப் பார்த்தாள். மேலே தெளிந்த தண்ணீர், அடியில் பச்சை வண்டல்.

அவளுக்கு மெல்ல உறைத்தது. காற்று தாராளமாகக் கிடைத்தவரை கிருமிகள் அதையே சுவாசித்துக்கொண்டு குரோமியத்தைச் சீண்டவில்லை. காற்று நின்றதும் வேறு வழியில்லாமல் குரோமியத்திடம் போயிருக்கின்றன. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"இன்னா மருந்துமா போட்ட?" என்று வியந்தார் ராஜகோபால்.

ஏதாவது ஒரு பெரிய பெயரைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. சத்யராஜ் மோட்டார் பக்கத்தில் தலை குனிந்து நின்றிருந்தார். அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"மருந்து இல்ல சார். அண்ணன் மோட்டார நிறுத்தினாரு. நான்தான் இத்தன நாளும் தப்பா ஊதிக்கினு இருந்தேன். மன்னிச்சிடுங்கண்ணே."

சத்யராஜ் சந்தோஷப்படவில்லை. கலவரமாக முதலாளியைப் பார்த்தார். "அப்ப மோட்டாரே வாணாமா? எனக்கு வேலை இருக்குதா சார்?"

முதலாளி கலைவாணியைப் பார்த்தார்.

"இருக்குதுண்ணே" என்றாள் அவள். "வண்டல் அள்ளணும், பாகு ஊத்தணும். முக்கியமா, நான் ஸ்விட்ச் பக்கம் போனா என் கையப் புடிச்சி நிறுத்தணும்."