சித்தி வந்த சனிக்கிழமைகள்

எங்கள் வேலையில் யாரும் எழுதி வைக்காத ஒரு விதி உண்டு. நன்கொடை கேட்டு அனுப்பும் கடிதத்தில் வருகிற பிள்ளைக்கு உலகத்தில் யாரும் இருக்கக் கூடாது. ஒருவர் இருந்தாலும் வாசிப்பவர் நிம்மதியாகிவிடுவார். நிம்மதியானவர் கடிதத்தை மடித்து வைத்துவிடுவார்.

பெற்றவர்களிடம் வளர முடியாமல் போன பிள்ளைகளுக்கான இல்லம் எங்களுடையது. அதன் நிதி திரட்டும் பிரிவுக்குப் பதினோரு வருடங்களாக நான் பொறுப்பு. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடியில் ஓர் அறை, ஜன்னலோரம் என் மேசை, உறை ஒட்டும் இரண்டு பெண்கள், மாதத்தில் பாதி நாள் மக்கர் பண்ணும் ஒரு பிரிண்டர். பிள்ளைகள் கீழே இருக்கிறார்கள். அவர்கள் தட்டு கழுவும் சத்தம் எனக்குக் கேட்கும். ஆனால் நான் கீழே இறங்குவது பெரும்பாலும் கதை கேட்கத்தான்.

"அக்கா எழுதினா கல்லுகூட பர்ஸைத் திறக்கும்" என்பார்கள் உறை ஒட்டும் பெண்கள். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வார்டன் மேலே வந்தார். கனத்த உடம்பு. கடைசிப் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் படி ஏறி இறங்கறதுக்கே தனியா ஒரு நிதி திரட்டணும் போல."

"ஃபோன் பண்ணியிருக்கலாமே."

"ஃபோன்ல சொன்னா நீங்க சரி சரின்னுட்டு மறந்துடுவீங்க. நம்ம கடுகுக்கு அடுத்த மாசம் பதினெட்டு முடியுது. வெளிய அனுப்பற படிவத்துல, யார்கிட்ட போறான்னு ஒரு கட்டம் இருக்கு. அது காலியா கிடக்கு."

கடுகு என்பது இல்லமே சேர்ந்து வைத்த பெயர். உருவம் சின்னது, வாய் காரம். இரண்டு வருடங்களுக்கு முன் என் கடிதத்தில் வந்தவள் அவள்தான். இதுவரை நாங்கள் அனுப்பியவற்றிலேயே அதிகம் பேர் பதில் எழுதியது அந்தக் கடிதத்துக்கு. விதிப்படி அவள் பெயரை மாற்றியிருந்தோம், படத்தில் முதுகு மட்டும் தெரிந்தது. மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்று. அவள் காலணிகளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவாள். அதை வைத்துத்தான் கடிதத்தைத் தொடங்கினேன்.

"அவளுக்கு ஒரு சித்தி இருந்தாங்களே" என்றார் வார்டன். "ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வருவாங்க. சொல்லாம கொள்ளாம நின்னுட்டாங்க. நம்பரும் மாத்திட்டாங்க. அவங்களை விட்டா இவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேற யாரும் இல்ல. நீங்க அவளை உக்கார வெச்சு கதை கேட்டீங்களே, அதுல விலாசம் ஏதாவது இருக்கா?"

பழைய குறிப்பேட்டை எடுத்தேன். என் கையெழுத்தில் அவள் சொன்னது அப்படியே இருந்தது. 'சித்தி மட்டும் வரும். பஸ் மாறி மாறி வரும். சலவைக் கடைக்கு மேல இருக்கு. இந்த ஷூ சித்தி வாங்கிக் கொடுத்தது. யாராவது எடுத்துடுவாங்கன்னு தலைகாணிக்குக் கீழ வெச்சுப்பேன்.' சலவைக் கடை இருக்கும் தெருவும் இருந்தது. இதில் நான்கு வாக்கியங்களைச் சிவப்பு பென்சிலால் அடித்திருந்தேன். கடிதத்துக்குப் போனது தலையணை மட்டும். அதற்கு அடுத்த வரியை நானே சேர்த்தேன்: 'அவளைப் பார்க்க இதுவரை யாரும் வந்ததில்லை.'

"எந்த மாசத்துலேருந்து வரல?" என்று கேட்டேன்.

வார்டன் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்திருந்தார். விரலால் தடவிச் சொன்னார். கடிதம் போன மாதத்துக்கு அடுத்த மாதம்.

"என்ன, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. நானே போய்ப் பாக்கறேன்."

உண்மையில், அந்தக் கடிதத்தை எழுதிய நாளிலேயே எனக்குத் தெரியும். வீட்டில் என் கணவருக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்திவிட்டு, "பாவம், இதுக்கு யாருமே இல்லையா?" என்றார். "இல்ல" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமா கடிதமா என்று கேட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது என் காதுக்குள் இருக்கிறது. காகிதத்தில் எழுதியதைக்கூடத் தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த 'இல்ல'வை அடுப்படியில் நின்றுகொண்டு என் வீட்டு மனிதரிடம் எதற்காகச் சொன்னேன்?

சலவைக் கடையில் ஆவியும் சோப்பு வாசனையுமாக இருந்தது. துணி தேய்த்துக்கொண்டிருந்தவர் நான் சித்தியைப் பற்றிக் கேட்டதும் தலையாட்டினார். மாடி அறையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் வயதான அம்மாள் ஒருவரைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருக்கிறார், தினமும் பதினோரு மணிக்குப் படுக்கை விரிப்புகளை எடுக்க வருவார் என்றார். "உக்காருங்க. மணி தப்பினாலும் அவங்க தப்ப மாட்டாங்க."

தப்பவில்லை. ஒல்லியான பெண், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டைக் கை, கையில் பெரிய பை. நான் எந்த இல்லத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் பையைக் கீழே வைத்தார்.

"அவளுக்கு ஏதாவது ஆச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கா."

"அப்ப சரி." பையை மறுபடி எடுத்துக்கொண்டார். "நல்லா இருக்கட்டும்."

"நீங்க ஏன் வர்றதை நிறுத்திட்டீங்கன்னு..."

"அவதான் வேண்டாம்னுட்டாளே."

அவர் அப்போது ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்த்திருக்கிறார். எங்கள் கடிதம் அங்கே போயிருக்கிறது. யாரோ அதை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருக்கிறார்கள். ஆட்கள் நின்று படித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு போக, அப்படி என்னதான் இருக்கிறது என்று தரை துடைக்கிற மாப்பைச் சாய்த்துவிட்டு இவரும் படித்திருக்கிறார்.

"பேரு வேற போட்டிருந்துச்சு. ஆனா ஷூ... நான் வாங்கின ஷூ எனக்குத் தெரியாதா? எந்தப் பிள்ளை அதைத் தலைகாணிக்குக் கீழ வெக்கும்? படிச்சிட்டு வந்தேன். யாரும் வந்ததில்லைன்னு போட்டிருக்கு. ரெண்டு பஸ் மாறி வந்தவ நான். ஒரு தடவை காய்ச்சலோட வந்தேன். என்கூட நின்னு படிச்ச பொண்ணு சொல்றா, சே, சொந்தக்காரங்கன்னு ஒருத்தருக்குக்கூட மனசு இல்ல பாருங்கன்னு. ஆமாம்மான்னுட்டு துடைக்கப் போயிட்டேன்."

தேய்ப்புப் பெட்டியின் சத்தம் நின்றிருந்தது. கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ அப்படிச் சொல்லல" என்றேன். "நீங்க வர்றதைத்தான் முதல்ல சொன்னா. நான்தான் அதை எடுத்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபம் வந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எதுக்கு?"

பதினோரு வருடங்களாகக் கூட்டங்களில் எழுந்து நின்று பதில் சொல்லிப் பழகியவள் நான். அங்கே சொல்லும் பதிலையே இங்கேயும் சொன்னேன்.

"ஒருத்தர் இருக்காங்கன்னு தெரிஞ்சா... குடுக்கறவங்க குடுக்க மாட்டாங்க."

"ஓ." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்ப நான் இருந்தது உங்களுக்கு இடைஞ்சலா போச்சு."

அவர் மாடிப்படியைக் காட்டினார். "மேலதான் என் ரூம் இருந்துச்சு. பக்கத்து ரூமும் காலியாச்சு. அவளுக்குன்னு அதையும் சேத்து எடுத்துக்கறேன்னு இவர்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். இல்லையா அண்ணே?"

"சொன்னாங்க" என்றார் கடைக்காரர், என்னைப் பார்க்காமல். "சுவருக்கு மஞ்சள் பெயின்ட் வேணும்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் வேண்டாம்னுட்டாங்க."

"பிள்ளையே வேண்டாங்கறப்ப எனக்கு எதுக்கு ரெண்டு ரூம்? விட்டுட்டேன். இப்ப அந்தம்மா கட்டில் பக்கத்துல பாய் போட்டு படுக்கறேன். அங்க இவளை எங்க கூட்டிட்டுப் போவேன்?"

மன்னிப்பு கேட்டேன். "சரி, சரி" என்றார், வழியில் மோதிக்கொண்டவரிடம் சொல்வதுபோல. விரிப்புகளைப் பையில் அடுக்கினார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"இப்ப அவ கால் அளவு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலணிகளை வைத்து ஊரையே அழ வைத்தவள். அதற்குள் இருந்த காலை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"வளந்திருப்பா இல்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை கடுகை மேலே கூப்பிட்டேன். கீழே போயிருக்கலாம். என் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்வது சுலபம் என்று நினைத்தேன். உறை ஒட்டும் பெண்களைத் தேநீர் குடிக்க அனுப்பினேன்.

"என்ன மேடம், மறுபடி கதையா? இந்தத் தடவை ராயல்டி கேப்பேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, சித்தி, மஞ்சள் பெயின்ட், நான் அடித்த வரிகள், சேர்த்த வரி. அவள் பிரிண்டரைப் பார்த்தபடி கேட்டாள். முடித்ததும் அழுவாள் என்றோ கத்துவாள் என்றோ எண்ணியிருந்தேன்.

"எனக்குத் தெரியும் மேடம்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்த லெட்டரை என்கிட்ட படிக்கக் கொடுத்தீங்கல்ல. படிச்சு கையெழுத்து போடணும்னு. படிச்சேன். சித்தியைக் காணோம். கேக்கலாமான்னு நினைச்சேன். வார்டன் அம்மா பக்கத்துல நின்னாங்க, நீங்க வாட்ச் பாத்தீங்க. பெரியவங்க தெரிஞ்சுதான் எழுதியிருப்பாங்கன்னு போட்டுட்டேன்." பிரிண்டரின் மூடியைத் திறந்து மூடினாள். "லெட்டர் போன அடுத்த மாசத்துலேருந்து சித்தி வரல. ஒரு சனிக்கிழமைகூட வரல. நான் கையெழுத்து போட்டதாலதான்னு நினைச்சேன். அது எப்படியோ சித்திக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு."

"ரெண்டு வருஷமாவா?"

"ஆமா. யார்கிட்ட சொல்றது? சொன்னா நீங்க எழுதிடுவீங்க."

அவள் அதைக் கிண்டலாகத்தான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. வாட்சைப் பார்த்ததை நினைவுபடுத்த முயன்றேன். நினைவில்லை. அன்று எதற்கு அவசரம்? அச்சகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்திருக்கும். எல்லா வருடமும் அந்த அவசரம் இருந்தது.

"சித்தியால உன்னை இப்ப கூட்டிட்டுப் போக முடியாது" என்றேன். "அந்த ரூம் போயிடுச்சு. உனக்கு ஹாஸ்டல்தான் பாக்கணும். அதுக்கு என்ன வேணுமோ நான் செய்யறேன்."

"செய்வீங்க" என்றாள், சந்தேகம் இல்லாமல். அதுதான் தைத்தது.

"சித்தி ஒண்ணு கேட்டாங்க. உன் கால் அளவு."

அப்போதுதான் அவள் முகம் மாறியது. உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. அவசரமாகக் குனிந்து செருப்பைக் கழற்றினாள். என் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் காலை அழுத்தி வைத்தாள்.

"பென்சில் கொடுங்க. நம்பர் சொன்னா சித்திக்குப் புரியாது. அதுக்கு எப்பவும் காலை வரைஞ்சு கொடுக்கணும்."

கொடுத்தேன். பாதத்தைச் சுற்றி, ஒவ்வொரு விரலிடுக்கிலும் நுழைந்து, மெதுவாக வரைந்தாள். குதிகாலருகே பென்சில் நழுவியது. திரும்பவும் அந்த இடத்தில் அழுத்திப் போட்டாள். கோடு இரட்டையாக விழுந்தது. சின்ன உருவத்துக்குப் பெரிய பாதம். தாளை எடுத்துப் பார்த்து, நான்காக மடித்து, என்னிடம் நீட்டினாள்.

"நாளைக்கே கொடுத்துடுவீங்களா?"

"இன்னைக்கே கொடுக்கறேன்."

"மேடம்." செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இதுலேருந்து எதையும் எடுத்துடாதீங்க."

அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. தாளைப் பைக்குள் வைத்தேன். பிறகு கையில் எடுத்துக்கொண்டேன். மடிப்பு கலையாமல், பதினோரு மணிக்குள் சலவைக் கடைக்குப் போய்ச் சேர வேண்டும்.