தானாக நிற்கும் கேசட்

கேசட் கிடைத்துவிட்டது என்று தங்கச்சி சொன்னதும் அண்ணன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். குரல்வளையை எடுத்துப் போட்ட பிறகு யாரும் தாங்கிப் பிடிக்காமல் அவன் எழுந்ததே இல்லை. கழுத்து ஓட்டை வழியாக மூச்சு இரைந்தது. சிலேட்டை இழுத்து 'போடு' என்று எழுதினான்.

"பொறுண்ணே. நாப்பது வருஷக் கேசட். சும்மா தூக்கிப் போட்டா அறுந்துடும். சுத்தம் பண்ணி நாளைக்குக் கொண்டு வரேன்."

இவ்வளவுக்கும் காரணம் கேசட் பைத்தியம் ஒருவர். தங்கச்சி வைத்த பட்டம்தான். அவள் பல்செட் செய்பவள். சில வாரங்களுக்கு முன் அவள் பட்டறைக்குள் அந்த ஆள் நுழைந்ததும் வழக்கம்போல "வாயைத் திறங்க" என்றாள். அந்த ஆள் வாயைத் திறந்தது பல்லைக் காட்ட அல்ல.

"'உப்பு மின்சாரம்' பாட்டுக் குழுவுல கீபோர்டு வாசிச்சது நீங்கதானே?"

அவள் கையிலிருந்த மெழுகு கீழே விழுந்தது. அந்தப் பெயரை அடுத்தவர் வாயால் கேட்டு எத்தனை காலம்!

"பேர் வாங்கின நாலு குழுவையே எல்லாரும் தேயத் தேயக் கேக்குறாங்கம்மா. மிச்சமெல்லாம் பரண்ல கிடக்கு" என்று அவர் ஹெட்போனை நீட்டினார். ஆஸ்பத்திரி நடைபாதையில் தாள இயந்திரத்தை வைத்துக்கொண்டு மூன்று நர்சுகள் பதிந்த பாட்டு. ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் இரட்டையர், மோட்டார் முனகலையே சுருதியாக வைத்துப் பாடியது. சிலது படு மோசம். சிலது மயிர்க்கூச்செறிய வைத்தது. கடைசியாக, கல்லூரி வானொலியிலிருந்து யாரோ பிடித்து வைத்த அவர்களுடைய பாட்டு. கீபோர்டு முன்னிசை முடிந்து, பாடகன் மூச்சிழுக்கிறான், அங்கேயே அறுந்துவிட்டது.

"இந்த மூச்சுக்கு அப்புறம் என்ன வருதுன்னு தெரியாம எனக்குத் தூக்கமே இல்ல. பாடினது யாரு?"

பாடினது அண்ணன். ஒரு நிறுவனமும் அவர்களைச் சீந்தவில்லை. லிஃப்ட் மெக்கானிக்காகப் போனவன் அதன்பிறகு குளியலறையில்கூட முணுமுணுத்ததில்லை. அப்பேர்ப்பட்டவன், நம்மைத் தேடி ஆள் வந்திருக்கிறது என்றதும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தான், பிறகு அழுதான். அவர்கள் நான்கு பாட்டைப் பதிந்து எங்கோ போட்டுவைத்த அந்த ஒரே கேசட்டைத் தங்கச்சி தேடத் தொடங்கினாள். அன்று முதல் சிலேட்டில் தினமும் 'கிடைச்சுதா?' இருப்பது கொஞ்ச நாள்தான் என்று டாக்டர் அண்ணியிடம் சொல்லியாகிவிட்டது. போவதற்குள் தன் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

கேசட் கிடைத்த மறுநாள், கேசட் பைத்தியத்தின் கடையில் சுத்தம் செய்து போட்டுப் பார்த்தார்கள். முதலில் காதைக் கிழிக்கும் கிறீச்சொலி. பிறகு ஒன்றுமில்லை. ஓட்டிப் பார்த்தார்கள், கடைசி வரை வெறும் இரைச்சல்.

"இது கீபோர்டோட சேமிப்பும்மா" என்றார் அவர், முகம் தொங்கிப்போய்.

அவளுக்குத் தெரியாதா? அந்தக் காலத்துக் கீபோர்டில் குமிழ்களைத் திருகித் திருகி உண்டாக்கிய ஓசைகள் அதன் நினைவகத்தில் நிறைந்துபோனால், அவற்றைக் கிறீச்சொலியாக மாற்றிக் கேசட்டில் பதிந்துகொள்வார்கள். அதையே திரும்ப ஊட்டினால் ஓசைகள் கீபோர்டுக்கு வந்துவிடும்.

கேசட்டைத் திருப்பினாள். மேலே யாரும் பதிந்துவிடக் கூடாதென்று விளிம்பிலிருந்த சிறு பிளாஸ்டிக் தகட்டை அவளே உடைத்திருந்தாள். அந்தப் பள்ளத்தின் மேல் இப்போது செலோடேப். வெற்றுக் கேசட் கிடைக்காதபோது கடையில் வாங்கிய பழைய கேசட்டுகளில் இப்படிப் பள்ளத்தை ஒட்டி மூடி மேலே பதிவது அண்ணனின் வேலை. பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டு, தானாக நிற்கட்டும் என்று டீ குடிக்கப் போய்விடுவதும் அவன்தான். அதற்காக எத்தனை முறை அவனைத் திட்டியிருக்கிறாள்! அவள் மட்டும் என்ன? லேபிள் அச்சாகி வரட்டும் என்ற மிதப்பில் ஒரு துண்டுக் காகிதம்கூட ஒட்டவில்லை. பார்த்தால் பழைய கேசட் மாதிரிதான் இருந்திருக்கும்; அதன் மேல் ஓசைகளைப் பதியப் போய், கடைசி வரை ஓடவிட்டுப் பாட்டு முழுவதையும் அழித்திருக்கிறான்.

"அவனே அழிச்சான்னு மட்டும் அவனுக்குத் தெரியக் கூடாது" என்றாள். ஆனால் வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. கேசட் பைத்தியத்திடம் அதே மாடல் கீபோர்டு இருந்தது. அதையும் ஒரு டேப் ரெக்கார்டரையும் இருவருமாக அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அண்ணி மருந்து பாட்டில்களை ஒதுக்கி இடம் செய்தாள்.

"பாட்டுக் கேசட்ல பூஞ்சை புடிச்சிருச்சுண்ணே. போச்சு. ஆனா நம்ம சவுண்டெல்லாம் வேற கேசட்ல பத்திரமா இருந்துச்சு."

அண்ணனின் முகம் வாடியது. ஆனால் கிறீச்சொலி கேட்டதும் பழைய சிநேகிதனைப் பார்த்தவன்போல இளித்தான். அவள் முன்னிசையை வாசித்தாள். பாட்டு தொடங்கும் இடத்தில் அவன் வாய் திறந்தது. உதடுகள் ஒரு சொல் விடாமல் அசைந்தன. கழுத்து ஓட்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தங்கச்சிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இதோ இது, இதோ அது என்று ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக் காட்டினாள். கடைசிப் பொத்தானில் அவளுக்கே தெரியாத ஓர் ஓசை இருந்தது. ஈர விரலால் கண்ணாடி டம்ளரின் விளிம்பைத் தேய்ப்பதுபோல மெலிதாக இழுத்தது.

அண்ணனின் கை உயர்ந்தது. மெல்ல எழுதினான்: 'இது நம்ம பாட்டு ரெக்கார்டிங் முடிஞ்ச அப்புறம் நான் பண்ணினது.' துடைத்தான். 'எந்தக் கேசட்?'

"அதான் சொன்னேனேண்ணே, வேற ஒண்ணு."

கையை நீட்டினான். கேசட் பைத்தியம் எதை நினைத்தாரோ, எடுத்துக் கொடுத்துவிட்டார். அண்ணன் கட்டைவிரலால் விளிம்பைத் தடவினான். செலோடேப்பின் மேல் விரல் நின்றது; அதன் அடியில் தங்கச்சி உடைத்த தகட்டின் பிசிறு தட்டுப்பட்டது.

தங்கச்சிக்குப் புரிந்துபோயிற்று. அவனிடம் மறைக்கப் போய், தானே கொண்டுவந்து காட்டியிருக்கிறாள்.

அவன் கேசட்டைத் திரும்ப நீட்டி, போடு என்று சைகை செய்தான். போட்டாள். கிறீச்சொலி முடிந்ததும் நிறுத்தக் கை வைத்தவளைத் தடுத்தான். ஓடட்டும். தான் பாடியிருந்த அந்த நான்கு பாட்டின் நீளத்துக்கும் இரைச்சலைக் கண் மூடிக் கேட்டான். யாரும் எழுந்திருக்கவில்லை. கேசட் கடைசி வரை ஓடி, க்ளிக்கென்று தானாக நின்றது.

அதற்குப் பிறகு அண்ணன் சிலேட்டைக் கேட்கவே இல்லை.