செங்கமலம் எடுத்த ரேடியோ

கங்கா இறந்த இரண்டாவது வருஷம் வடக்குப்பட்டில் அவர்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. கம்பம் நட்டுக் கம்பி இழுத்து, வீட்டுக்கு ஒரு பல்பு மாட்டிவிட்டுப் போனார்கள். தெருவே வாசலில் கூடி அண்ணாந்து பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தது. செங்கமலத்துக்கு அந்த வெளிச்சத்தில் வீடு இன்னும் காலியாகத் தெரிந்தது. போட்ட கையோடு அணைத்துவிட்டாள்.

வீட்டில் அவளும் அவள் புருஷன் தாண்டவராயனும்தான். அவன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ரைஸ் மில்லில் இருபது வருஷத்துக்கு மேலாக எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் சைக்கிளில் போனால் பொழுது சாயத்தான் திரும்புவான். ஒரே மகள் கங்கா, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில் மஞ்சள்காமாலை கண்டு போய்விட்டாள். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று தாண்டவராயன் சொன்னான். ஊரில் எல்லாரும் கீழாநெல்லிதானே கொடுக்கிறார்கள், ரெண்டு நாள் பார்க்கலாம் என்று தடுத்தவள் செங்கமலம். ரெண்டு நாள் என்பது நாலைந்து நாளாயிற்று. பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு தாண்டவராயனின் பேச்சு நின்றுபோனது. சாப்பிடும்போது, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டால் தட்டைப் பார்த்தபடியே சாப்பிடுவான். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் பஞ்சாயத்து ரேடியோவின் கீழே போய் உட்கார்ந்து, செய்தி, விவசாயப் பேச்சு, பாட்டு எல்லாம் கேட்டுவிட்டு வந்து மகளிடம் ஒன்று விடாமல் ஒப்பிக்கிறவன் அவன். அங்கே போவதையும் விட்டுவிட்டான்.

செங்கமலம் ஏன் என்று கேட்கவில்லை. மகளைச் சாகக் கொடுத்தவளோடு என்ன பேச்சு என்று இருக்கிறான், வேறென்ன? கேட்டு அதை அவன் வாயால் சொல்ல வைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. நாளாக நாளாக அவளும் வாயை மூடிக்கொண்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது மாட்டோடு நாலு வார்த்தை பேசுவாள், அவ்வளவுதான்.

அவள் தம்பி ரகுபதி பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். மாதம் ஒருமுறை அக்காவைப் பார்க்க வருவான். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அவனால் பொறுக்க முடியவில்லை.

"இன்னாக்கா வூடு இது? சுடுகாட்லகூட நரி ஊளையிடும். இங்க அதுவும் இல்ல. கரண்ட்டுதான் வந்துடுச்சே, ஒரு ரேடியோ வாங்கிப் போடு."

பிறகு அவனே உற்சாகமாகிவிட்டான். தொழிற்சாலையில் சாப்பாட்டு வேளையில் தினமும் இதே சண்டைதானாம். மர்ஃபி கட்சி ஒன்று, பிலிப்ஸ் கட்சி ஒன்று, புஷ் கட்சி ஒன்று.

"மர்ஃபி கீதே, பெரிய மனுசன் பேசறாப்பல கனமா பேசும். பிலிப்ஸ் வெண்கலக் குண்டான தட்டினாப்பல கணீர்னு இருக்கும். எங்க ஃபோர்மேன் வூட்ல புஷ் டிரான்சிஸ்டர். இலங்கை ஸ்டேஷன் பக்கத்து வூட்ல பாடறாப்பல எடுக்குது. என்னக் கேட்டா டிரான்சிஸ்டர்தான். கரண்ட் போனாலும் கவலையில்ல. இன்னா மாமா சொல்றீங்க?"

அவன் மாமாவின் தொடையில் தட்டிக் கேட்டான். தாண்டவராயன் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்து, "சரி" என்றான். தம்பிக்காவது பதில் சொல்ல வாய் திறக்கிறதே என்று செங்கமலம் நினைத்துக்கொண்டாள்.

மில் லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஸ்ரீபெரும்புதூர் போனார்கள். கோயில் தெருவில் நரசிம்மன் கடை. முன்கூட்டியே ரகுபதி சொல்லிவைத்திருந்ததால் நரசிம்மன் மூன்று பெட்டிகளையும் மேஜைமேல் வரிசையாக வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். முதலில் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவுக்குப் பெரிய மர்ஃபி, மெருகேற்றிய மரப்பெட்டி, முன்பக்கம் பொன்னிறத் துணி. நடுவில் அதைவிடச் சின்னதாய் பிலிப்ஸ். கடைசியில் தோலுறை போட்ட புஷ் டிரான்சிஸ்டர்.

நரசிம்மன் மர்ஃபியின் குமிழைத் திருகினான். ஸ்டேஷன் எண்கள் எழுதிய கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் வந்தது. தாண்டவராயன் குனிந்து அதைப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"நல்லா கீதுப்பா. கணீர்னு கேக்குது" என்றான்.

 நரசிம்மன் சிரித்தான். "அண்ணே, இது வால்வு செட்டு. சூடேறினாத்தான் வாய் தெறக்கும். இப்பதான் லைட்டே எரியுது, அதுக்குள்ள கணீர்ங்கறீங்களே!"

ரகுபதி கையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "மாமா எப்பவும் இப்படித்தான். மூஞ்சிய உம்முனு வெச்சிக்கினே கிண்டல் பண்ணுவாரு."

தாண்டவராயன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவர்கள் சிரிப்பதைக் கண்டு அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. செங்கமலம் அதைப் பார்த்துவிட்டாள். 

பெட்டி சூடேறி, யாரோ ஒரு பெண் நெல் விலை பற்றிப் பேசத் தொடங்கினாள். தாண்டவராயனின் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. பிலிப்ஸைப் போட்டபோது அவன் அவசரப்படவில்லை. ஓரக்கண்ணால் ரகுபதியையே பார்த்துக்கொண்டு நின்றான். ரகுபதி பாட்டுக்குத் தலையாட்டிய பிறகு தானும் ஆட்டினான். டிரான்சிஸ்டரில் விளக்கும் இல்லை. அது பாடிக்கொண்டிருக்கும்போதே ரகுபதி அதன்மேல் குனிந்து, "இது எப்டி மாமா?" என்றான். குனிந்த ரகுபதியின் முகம் தெரியவில்லை, வாயும் தெரியவில்லை. தாண்டவராயன் அந்தப் பெட்டியைப் பார்த்தபடி, எப்போது போடுவார்கள் என்று காத்திருப்பவன்போல் நின்றான். அதற்குள் நரசிம்மனை வேறு ஆள் கூப்பிட்டதால் அந்தக் கேள்வி அப்படியே போயிற்று.

செங்கமலம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்ட ராத்திரிகள் எல்லாம் ஞாபகம் வந்தன. கூப்பிடக் கூப்பிடத் திரும்பாத அந்த முதுகு. இருபது வருஷமாக எஞ்சின் பக்கத்தில் நின்ற மனுஷன்.

நரசிம்மன் திரும்பி வந்ததும் அவள் சொன்னாள்: "மொத பொட்டிய இன்னொரு வாட்டி போடுங்க. சத்தமா வெய்யிங்க."

"போதுங்களா?"

"இன்னும்."

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சென்னை நிலையத்தில் அப்போது நாதஸ்வரக் கச்சேரி. செங்கமலம் புருஷனின் கையை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தாள். கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க அவள் அவன் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தது. தாண்டவராயனின் கண்கள் மெல்ல அகன்றன. காதைப் பொன்னிறத் துணிக்கு அருகே கொண்டுபோனான்.

"தவுலு" என்றான், தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல.

"இதையே குடுங்க" என்றாள் செங்கமலம்.

ரகுபதிக்கு ரோஷம் வந்துவிட்டது. "அக்கா, கரண்ட் போனா இது வெறும் மரப்பொட்டி. இன்னிக்கி ஊரே டிரான்சிஸ்டருக்கு மாறிக்கினு கீது. ரேடியோவப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது ரகு. எனுக்கு இதான் வேணும்."

தம்பியிடம் காரணத்தைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. மில்லுக்கு நெல் கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் நடமாடுகிற கடைத்தெரு அது. அதைச் சொல்ல வேண்டியது அவள் புருஷன், அவள் அல்ல. வாயை மூடிக்கொண்டாள். ரகுபதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சென்னை பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

ஒரகடம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை வழியாக நடந்தார்கள். தாண்டவராயன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். நடவு முடிந்த கழனிகளில் கொக்குகள் நின்றன. கொஞ்ச தூரம் போனதும் செங்கமலம் பின்னாலிருந்து பேசினாள். ரெண்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது.

"கங்காவ நான்தான் சாவடிச்சேன்னு நெனச்சிக்கினு கீறீங்களா?"

அவன் நடந்துகொண்டிருந்தான். இன்னும் உரக்கக் கேட்டாள். கழனியில் நின்ற ஒரு கொக்கு எழுந்து பறந்தது. அவன் நடை மாறவில்லை.

அவள் ஓடிப்போய் அவன் முன்னால் நின்று வழி மறித்தாள். பெட்டியை இறக்கச் சொல்லிக் கை காட்டினாள்.

"எத்தினி நாளா காது கேக்கல?"

அவன் அவள் வாயையே பார்த்தான். பிறகு கரையின் இரு பக்கமும் திரும்பிப் பார்த்தான்.

"யார்கிட்டயும் சொல்லிடாத. மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலை பூடும். எஞ்சின் சத்தம் மாறினா காதுலதான் புடிக்கணும். இப்ப மேல கைய வெச்சிப் பாத்து ஓட்டிக்கினு கீறேன்."

அவன் குரல் தேவைக்கு மேல் உரத்து ஏரி முழுக்கக் கேட்டது.

"எங்கிட்டயுமா சொல்லக்கூடாது?"

தாண்டவராயன் பெட்டிக்குப் பக்கத்தில் கரையில் உட்கார்ந்துவிட்டான். 

"கங்கா போன அன்னிக்கி நீ தண்ணி சேந்தப் போயிருந்தே. நான் வாசப்படியில குந்திகினு இருந்தேன். திரும்பி வந்து நீ கேட்டியே, ஞாபகம் கீதா? 'பொண்ணு அப்பா அப்பான்னு தொண்ட கிழியக் கத்தறா, அசையாம குந்திகினு கீறீங்களே, நீங்கல்லாம் ஒரு அப்பனா'ன்னு."

செங்கமலத்துக்கு ஞாபகம் இல்லை. அன்று பகல் வாயில் வந்த எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை.

"அதுக்கு முன்னாடியே கொஞ்சம் மந்தம்தான். எஞ்சின் இரைச்சல், தூங்கினா சரியாப் பூடும்னு இருந்தேன். அன்னிக்கிதான் தெரிஞ்சிது. எம் பொண்ணு கூப்ட்டது எனுக்குக் கேக்கல செங்கமலம். அத்த நான் எப்டி வாயத் தெறந்து சொல்லுவேன்? அந்தக் கோவத்துலதான் நீயும் என்னோட பேசறதில்லன்னு நெனச்சிக்கினேன்."

"நானா? ஆஸ்பத்திரி வாணாம்னு நான் சொன்னத மனசுல வெச்சிக்கினு நீங்கதான்..." அவளுக்கு அழுகை வந்து தலை குனிந்துவிட்டது. வார்த்தைகள் மாரோடு போயின.

அவன் எழுந்து அவள் மோவாயை நிமிர்த்தினான். "மூஞ்சியப் பாத்து சொல்லு. கேக்கல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். கீழாநெல்லியைச் சொன்னாள். தள்ளிப்போட்டதைச் சொன்னாள். அவன் கண் இமைக்காமல் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ வாணாம்ன" என்றான் கடைசியில். "நானும் சரின்னுதானே குந்தினேன். வண்டி கட்டி இருக்கலாம். கட்டலியே. நானும் அவளுக்கு அப்பன்தானே?"

அவள் ஒரு கை கொடுத்துப் பெட்டியை அவன் தலையில் ஏற்றிவிட்டாள். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த மாதம் ரகுபதி வந்தபோது, புருஷன் தலையாட்டிய பிறகு, அவள் காது விஷயத்தை அவனிடம் சொன்னாள்.  மறுநாளே மாமாவைச் சென்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். நரம்பு செத்துவிட்டது, போன காது திரும்பாது, மிச்சம் இருப்பது தங்க வேண்டுமென்றால் எஞ்சினை விட்டு விலகச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

தாண்டவராயன் நாலைந்து நாள் யோசித்தான். பிறகு தானே முதலாளி சுப்பராயனிடம் போய் நின்றான். "பெல்ட்டுல யாராவது கைய உட்டுக்கினு கத்தினா எனுக்குக் கேக்காது மொதலாளி. அந்தப் பாவம் வாணாம்" என்றான். முதலாளி அவனை மூட்டை தைக்கிற இடத்துக்கு மாற்றினார். எஞ்சினுக்கு வேறு ஆள் வந்தான். முதல் சில வாரங்கள் சாப்பாட்டு வேளையில் தாண்டவராயன் எஞ்சின் அறை வாசலில் போய் நின்றுவிட்டு வருவான். அந்தப் புது ஆளிடம் ஒரு வார்த்தை பேசமாட்டான். வீட்டுக்கு வந்தால் அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

தபாலாபீசில் ரேடியோ லைசென்ஸ் வாங்கி, கூரைமேல் ஏரியல் கம்பி கட்டியாயிற்று. சாயங்காலமானால் செங்கமலம் பெட்டியைப் போடுவாள். தவிலோ மிருதங்கமோ வந்தால் சத்தத்தைக் கூட்டி அவனைக் கூப்பிடுவாள். செய்தி வந்தால் தான் கேட்டுவிட்டு, அவன் எதிரே உட்கார்ந்து, எங்கே வெள்ளம், எந்த மந்திரி என்ன சொன்னார் என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாள். பாதி அவளுக்கே புரியாது. அவன் குறுக்குக் கேள்வி கேட்பான், அவள் கோபித்துக்கொள்வாள். 

அறுவடைக்கு முன் ஒரு சாயங்காலம் அவன் ரேடியோவை நிறுத்தச் சொன்னான். அவள் நிறுத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி கங்கா எதுக்கு என்னக் கூப்ட்டா?"

செங்கமலம் அவன் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். "தண்ணி கேட்டா."

"குடுத்தியா?"

"குடுத்தேன். ஒரு சொம்பு முழுக்கக் குடிச்சா."

அவன் தலையாட்டினான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அவள் சொன்னாள்.