பிள்ளைத்தாய்ச்சி அசுவினி

சம்பந்தி வீட்டு எலுமிச்சங்கன்றுகளுக்குத் தீர்ப்பு எழுதும் வேலை தன் தலையில் வந்து விழும் என்று பூச்சிக்காரம்மா கனவிலும் நினைத்ததில்லை. வெளியிலிருந்து வரும் பூச்சி, நோய் எதுவும் பயிர்களை அண்டாமல் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அசுவினி என்கிற செடிப்பேனை இனம் பிரித்துச் சொல்ல அங்கே அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது.

கண்ணாடிக் குப்பியில் வந்த பூச்சிகள் யாருடைய நாற்றுப்பண்ணையைச் சேர்ந்தவை என்று ஒட்டியிருந்த சீட்டே சொல்லிற்று. மகளைக் கொடுத்த இடம். மேலதிகாரியிடம் சொல்லி வேறு ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கலாம். நழுவுகிறாள் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று அவளுக்கு ரோஷம். சொந்தம் என்றால் இன்னும் ஒரு பிடி கறாராக இருந்து காட்டுவது என்று முடிவு கட்டிவிட்டாள். அந்த வேகத்தில் ஒரே ஒரு பூச்சியை எடுத்தாள். காரநீரில் காய்ச்சித் தெளியவைத்து, கண்ணாடித் தகட்டில் பதித்துப் பார்த்தாள். உணர்கொம்பில் ஐந்து கணு. வால் குட்டை, நுனி மழுங்கல். வயிற்றுக்குள் குட்டிகளின் கண்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிந்தன. சரிதான், வளர்ந்த பூச்சி என்று எடுத்துக்கொண்டு, இனம் பிரித்துக் காட்டும் நூலைப் புரட்டினாள். நூல் அவளை நேரே தடை செய்யப்பட்ட இனத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். மதியத்துக்குள் ஆணை பறந்துவிட்டது: பண்ணையில் உள்ள அத்தனை கன்றையும் பிடுங்கி எரிக்க வேண்டும்.

சாப்பாட்டு வேளை முடிந்து அவள் கை கழுவிக்கொண்டிருக்கும்போது சம்பந்தியம்மாள் வந்து நின்றாள். செருப்பெல்லாம் பண்ணைச் சேறு.

“வாங்க சம்பந்தி, உக்காருங்க.”

“உக்கார வரலை. அங்க குழி வெட்டிக்கிட்டு இருக்காங்க. என் கன்னுங்களையெல்லாம் தின்ன வந்த அந்தப் பூச்சிய ஒரு தடவை என் கண்ணால பாத்துட்டுப் போறேன்.”

பூச்சிக்காரம்மா தகட்டை உருப்பெருக்கியில் வைத்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். அந்த அம்மாள் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குனிந்தாள்.

“இது என்ன, தலையில வர்ற பேன் ஜாதியா?”

“பேருலதான் பேன். அதுக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. மூட்டைப்பூச்சி, சில்வண்டு இதெல்லாம்தான் இதுக்குத் தூரத்துச் சொந்தம். எல்லாமே ஊசி மாதிரி வாயால குத்தி உறிஞ்சுற கூட்டம்.”

“உள்ள செவப்பா என்னமோ இருக்கே.”

“குட்டிங்களோட கண்ணு.”

“பிள்ளைத்தாய்ச்சியா?” அந்த அம்மாளின் குரல் கொஞ்சம் இறங்கியது. “புருஷன் எங்க?”

“புருஷனெல்லாம் தேவையே இல்ல. குளிர் வந்தா சில இனத்துல ஆண் பொறக்கும். மத்தபடி எல்லாம் பொம்பளைங்கதான். முட்டைகூடப் போடாது, நேரா குட்டிதான். அந்தக் குட்டியும் பொறக்கும்போதே அது வயித்துல அடுத்த குட்டி உருவாக ஆரம்பிச்சிருக்கும். அதனால வயித்துல புள்ள இருக்கேன்னு பாத்து இது பெரிசுன்னு சொல்லிட...”

பூச்சிக்காரம்மா பாதியில் நின்றாள். வகுப்பு எடுக்கும்போதெல்லாம் சொல்வது இதைத்தான். காலையில் இதைத்தான் மறந்திருக்கிறாள்.

“கொஞ்சம் நகருங்க சம்பந்தி.”

குனிந்து வாலைப் பார்த்தாள். மழுங்கலான வால் இல்லை அது. இன்னும் முளைத்து முடியாத வால். கடைசித் தோலை உரிக்காத குஞ்சு. குஞ்சுக்கு உணர்கொம்பில் ஒரு கணு குறைவாக இருப்பது சகஜம். வளர்ந்ததற்கென்று எழுதிய நூலில் குஞ்சை வைத்துத் தேடினால் வேறு எங்கே போய் நிற்கும்?

குப்பியில் மிச்சம் இருந்தவற்றைத் தட்டில் கொட்டி ஊசியால் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மூலையில் ஒட்டிக்கிடந்தது ஒரு தாய்ப்பூச்சி. கொம்பில் ஆறு கணு. விரல் போல நீண்ட வால், அதில் அடர்ந்த மயிர். எந்த எலுமிச்சைச் செடியிலும் ஏறி இறங்குகிற சாதாரண அசுவினி. பிழை என்மேல் என்று தொலைபேசியில் மேலதிகாரியிடம் சொன்னாள். அவர் இரண்டு வார்த்தை கடுமையாகச் சொல்லிவிட்டுப் பண்ணைக்குப் பேசினார். குழி வெட்டி முடித்திருந்தார்கள், ஒரு கன்றைக்கூட இன்னும் பிடுங்கவில்லை என்று திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள்.

“தப்பு என்னோடதுதான் சம்பந்தி. குஞ்சைப் பெரிசுன்னு நினைச்சுட்டேன். எரிக்க வேண்டாம்னு சொல்லியாச்சு.”

சம்பந்தியம்மாள் அப்போதுதான் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தை மூடி நன்றாக அழுதுவிட்டு நிமிர்ந்தாள்.

“அப்ப இந்தப் பூச்சிக்கு என்ன பண்றது?”

“சோப்புத் தண்ணி அடிங்க. போயிடும்.”

“சோப்புத் தண்ணி,” என்றாள் அவள். அழுத கண்ணோடு சிரிப்பும் வந்துவிட்டது. “அடுப்புல கரப்பான் வந்தாகூட இதைவிடப் பெரிய வைத்தியம் பண்ணுவேன்.”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து அடங்கியதும் சம்பந்தியம்மாள் செருப்பில் கிடந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வழி பூரா உங்களைத்தான் திட்டிக்கிட்டு வந்தேன். சம்பந்தின்னுகூடப் பாக்காம எழுதிட்டாங்களேன்னு.”

“பாத்தேன் சம்பந்தி. அதைப் பாத்ததாலதான் பூச்சிய சரியாப் பாக்கலை.”

அந்த அம்மாள் எழுந்து, பூச்சிக்காரம்மாளின் தோளில் கை வைத்தாள்.

“அடுத்த தடவை எங்களை யாரோ எவரோன்னு நினைச்சுக்குங்க,” என்றாள். “அவங்களுக்காவது நிதானமாப் பாப்பீங்க.”