மட்ரிட் விமானம் இறங்கும் நேரம்

நனைத்த பஞ்சை அப்பாவின் உதட்டில் வைத்தாள் நார்சிசா. அவர் அதைத் தள்ளிவிட்டு, "எங்க வந்திருக்கான்?" என்றார்.

அவள் போனில் விமானம் போகிற வழியைப் பார்த்தாள். "பெருங்கடலைத் தாண்டி முடிக்கப் போறான்பா. இன்னும் மூணு மணி நேரம்."

"மொத்தம் பதினொண்ணு," என்றார் அப்பா எலெவுதேரியோ. நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர். எந்த ஊர்த் தூரத்தையும் மணிக்கணக்கில்தான் சொல்வார்.

மட்ரிட்டிலிருந்து அவர்கள் ஊரான குவாயாகிலுக்கு எண்ணாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். அந்த விமானம் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்கள் வீட்டுத் தகரக் கூரையை உரசுகிற மாதிரி போய் இறங்கும். மகன் வில்மர் ஸ்பெயினுக்குப் போன இந்த எட்டு வருஷமும், சத்தம் கேட்டால் போதும், அப்பா சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்ப்பார்.

இன்றைய விமானத்திலும் ஊர்ப்பட்ட ஜனம் இருந்தது, வில்மர்தான் இல்லை. தம்பிக்கு அங்கே தங்குகிற அனுமதி இன்னும் கைக்கு வரவில்லை. வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் அங்கே இருக்கின்றன. மூன்று நாளாகக் கண் மூடாத நார்சிசா, விடியற்காலையில் அப்பா நூறாவது தடவையாகக் கேட்டபோது, "ஏறிட்டான்பா" என்று சொல்லித் தொலைத்தாள். சொன்ன பிறகுதான் ஐந்து மணி ஞாபகம் வந்தது.

சமையலறையில் பக்கத்து வீட்டு டெல்ஃபா வாழைக்காய் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "இறங்கினதும் யாரைக் கொண்டுவந்து நிறுத்தப் போறே? என் வீட்டுக்காரரையா?"

"சும்மா இருங்கக்கா."

"உண்மையைச் சொல்லிடுடி."

"நீங்களே போய்ச் சொல்லுங்களேன்."

டெல்ஃபா மறுபடி சூப்பைக் கிண்டினாள்.

நார்சிசாவுக்குத் தம்பிமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போனில் அழ அவன், பீ மூத்திரம் அள்ள இவள். இன்று கூப்பிடட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தாள்.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் கூரை அதிர்ந்தது. அப்பா கண்ணைத் திறந்தார்.

"இறங்கிட்டான்."

"ஆமாப்பா."

"பாஸ்போர்ட் வரிசை, பெட்டி, டாக்சி... ஒரு மணி நேரம் ஆகும்." அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் கொஞ்சம் தூங்கறேன்."

"தூங்குங்கப்பா."

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். "வராட்டி அவனைத் திட்டாதே."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க நார்சிசாவுக்குப் பயமாக இருந்தது. பிடி தளர்ந்தபோது தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தாள். டெல்ஃபா வந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வில்மர் போன் செய்தான். விஷயத்தைச் சொன்னாள். குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதான்.

"திட்டுக்கா. நல்லா நாலு வார்த்தை திட்டு. இப்படிச் சும்மா இருக்காதே."

கோத்து வைத்ததெல்லாம் அவளுக்குத் தொண்டை வரை வந்தது. கட்டிலில் அப்பாவின் கை இன்னும் சூடாறாமல் இருந்தது.

"அங்க மணி என்னடா?"

"ராத்திரி பன்னெண்டு தாண்டிடுச்சு."

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.