தேய்ந்த பேடில் எடுத்த அளவு

பச்சைக் களிமண்ணைச் சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டி, சுழலும் தட்டைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் காலிபரின் முதுகில் வரிசையாக அப்பிக்கொண்டிருந்தார் மில்லி. குழந்தைகள் பொம்மை செய்கிற களிமண். மகளின் பள்ளிப் பையிலிருந்து அவளுக்குத் தெரியாமல் எடுத்து வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் சும்மா விடமாட்டாள். அப்பி முடித்ததும், மாதிரிக்கு வந்திருந்த ஒற்றை வீலைத் தூக்கி மாட்டினார். கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி கழற்றினார். வீலின் ஆரங்கள் நசுக்கிய இடத்தில் களிமண் எவ்வளவு கனத்துக்கு மிஞ்சியிருக்கிறதோ, அவ்வளவுதான் வீலுக்கும் பிரேக்குக்கும் இடையே இடைவெளி. பிளேடால் அதை வெட்டி எடுத்து அளவுகோலின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில் பதில் சொல்வதால் பட்டறையில் அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரைக் கேட்டுவிட்டுப் புதிதாக வருகிறவர்கள் குடிகாரர் என்று நினைத்துக்கொள்வார்கள். பாவம், டீயையே பாதி குடித்துவிட்டு மீதியை ஆறவிடுகிற மனுஷர்.

வண்டி ஒரு வசதியான வீட்டுப் பையனுடையது. ஏற்கெனவே ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். இப்போது அதில் பெரிய வண்டியின் பிரேக்கை ஏற்ற வேண்டும், அதற்குத் தோதாகப் புது வீல் வேண்டும். இதே மாதிரி வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் மாசக் கடைசியில் ஒரு மைதானத்தில் கூடுகிறார்களாம். அதற்குள் முடித்துத் தந்தாக வேண்டும்.

சிக்கல் வீலின் ஆஃப்செட்டில் இருந்தது. அது ஓர் எண். எண் கூடினால் வீல் வண்டிக்குள் ஒடுங்கும், குறைந்தால் வெளியே துருத்தும். பெரிய பிரேக்கில் இடிக்காமல் இருக்க வீலை வெளியே தள்ள வேண்டும். தள்ளினாலோ, வண்டியை இறக்கியிருப்பதால், டயர் மேலே மட்கார்டு விளிம்பில் உரசும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இத்தனூண்டு இடத்துக்குள் சரியான எண்ணைப் பிடிக்க வேண்டும். அதைப் பிடித்துத் தருவதற்குத்தான் மில்லிக்குச் சம்பளம்.

"என்ன மில்லி, நம்பர் வந்துச்சா, இல்ல ஜாதகம் பார்த்துத்தான் சொல்லுவியா?" என்று முதலாளி கண்ணாடி அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"முப்பத்தெட்டு வச்சா சரியா இருக்கும் முதலாளி. பிரேக்குல இடிக்காது, மட்கார்டுலயும் படாது. ஆனா மாப்ள பிரேக்கை இன்னும் பிரிச்சுப் பார்க்கல. சும்மா தொங்கவிட்டுத்தான் போயிருக்கான். அவன் ஒருவாட்டி பார்த்துட்டா…"

"அவன் என்னத்தைப் பார்க்கறது? நான் பார்த்துத்தான் வாங்கினேன். பேடெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அப்படியே மாட்டு. இன்னைக்கு ஆர்டர் போகலைன்னா வீல் வந்து சேராது."

பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் வாங்கிய பிரேக் அது. சிவப்புப் பெயிண்ட் அடித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுப்பாக நின்றது. மில்லி அதை ஒருமுறை பார்த்தார். முதலாளியை ஒருமுறை பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டார்.

பட்டறையில் பிரேக் வேலை பார்ப்பவன் அவருடைய மனைவியின் தம்பி. அவர் அவனை மாப்ள என்று கூப்பிடப்போய், முதலாளியிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் அவன் மாப்ளயாகிவிட்டான். அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் மில்லிதான். அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு மனைவியோடு இருக்கிறான். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அக்காதான் சமைப்பாள்.

வீல் நான்கும் பெட்டியோடு வந்திறங்கியபோது, கூட்டத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. இந்த வண்டிக்கென்றே துளை போட்டு வந்த வீல், திருப்பித் தர முடியாது. மில்லி பெட்டியைப் பிரித்து, முதல் வீலை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். இடது தோள் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே அந்தத் தோள் சொன்னபடி கேட்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினார். வீல் பாதியில் டங் என்று நின்றுவிட்டது.

அழுக்கு ஏதாவது இருக்கும் என்று துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். மறுபடியும் டங். தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். ஆரத்தின் உள்பக்கம் சிவப்புக் காலிபரில் அழுத்தமாக முட்டிக்கொண்டு நின்றது.

"மாப்ள, இதுல என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல மாமா. பேடு மாத்தினேன். பழசு தகடு வரைக்கும் தேஞ்சு போயிருந்துச்சு. இத பாருங்க." கீழே கிடந்த பழைய பேடை எடுத்துக் காட்டினான். உராய்கிற பொருள் போய், வெறும் இரும்புத் தகடு பல்லிளித்தது.

மில்லி அப்படியே குட்டை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தட்டில் உராய்கிற பேட் தேயத் தேயக் காலிபர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து போகும். புதுப் பேட் போட்டால் மறுபடி வெளியே வந்து நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெரிந்துகொண்ட விஷயம். தேய்ந்த பேடோடு நின்ற பிரேக்கில் அளவெடுத்து, அதை நம்பி எண்ணைச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அவர் மேலேயே ஆத்திரமாக வந்தது.

முதலாளி வந்து பார்த்தார். பிறகு, "பழைய பேடை எடுத்துப் போடு" என்றார்.

"முதலாளி, அதுல பேடே இல்ல," என்றான் மாப்ள. "வெறும் இரும்பு. ரெண்டுவாட்டி மிதிச்சா பிரேக் தட்டைச் சீவிடும். மூணாவது வாட்டி வண்டி நிக்காது."

"கூட்டத்துக்குப் போய்ட்டு வரட்டும். அப்புறம் கூப்பிட்டு மாத்திக் குடுத்துடலாம். அவன் என்ன பந்தயமா ஓட்டப்போறான்? நிறுத்தி வச்சு வேடிக்கை காட்டப்போறான்."

"அதுவரைக்கும் ஓட்டிட்டுத்தானே போகணும்? நான் போடமாட்டேன் முதலாளி."

"பேடை மாத்துன்னு உன்கிட்ட யார் சொன்னா? வாங்கினவன் நான், காசு போட்டவன் நான். நீ யாரைக் கேட்டு மாத்தின?"

மாப்ளயின் முகம் செத்துப்போயிற்று. பிரேக் வேலையில் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறான். சரியாகச் செய்ததற்குத் திட்டு வாங்குவது அவனுக்குப் புதிது.

மில்லி எழுந்து வந்தார். "ஸ்பேசர் போட்டுடலாம் முதலாளி. வீலுக்குப் பின்னாடி ஒரு தட்டு. வீல் வெளிய வந்துடும். போல்ட்டு நீளமாப் போடணும், மட்கார்டு விளிம்பை உள்பக்கமா மடிச்சு விடணும். நான் பண்ணிடறேன்."

"பண்ணு. பண்ணித்தான் ஆகணும்." முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா இதுக்கு ஒருத்தன் பதில் சொல்லணும். ரெண்டு பேரும் மாமன் மச்சான், ரெண்டு பேரும் எனக்கே பாடம் நடத்தறீங்க. வண்டி வெளிய போற அன்னைக்கு ஒருத்தன் கணக்கை முடிச்சுக்கணும். யாருன்னு நீங்களே பேசிக்கங்க."

அன்று ராத்திரி வீட்டில் சாப்பாட்டுத் தட்டு மூன்றும் அப்படியே இருந்தன. மகள் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து அறையில் மாப்ளயின் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் போறேன் மாமா," என்றான் மாப்ள. "எனக்கு வயசிருக்கு, எங்கயாவது பார்த்துக்கறேன். நீங்க இந்தத் தோளை வச்சுக்கிட்டு எங்க போவீங்க?"

"அவன் சொல்றது சரிதானே?" என்றாள் அக்கா. சொன்னவுடனே தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளுக்கே பொறுக்கவில்லை. "ஐயோ, நான் யார் பக்கம்தான் பேசறது? கட்டினவன் ஒரு பக்கம், கூடப் பொறந்தவன் ஒரு பக்கம். அந்த ஆளு நல்லா யோசிச்சுத்தான் சொல்லியிருக்கான். கத்தியை எங்கிட்டல்ல குடுத்தனுப்பிட்டான்!"

மில்லி தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். "மாப்ள, நீ போனா என்ன பேச்சு வரும்? பிரேக்குல ஏதோ தப்பு பண்ணான், அனுப்பிட்டாங்கன்னு வரும். பேடு மாத்தினதுக்கு அனுப்பினாங்கன்னு எவனும் சொல்லமாட்டான். வீல்காரன் தப்பு பண்ணா வண்டி பார்க்க அசிங்கமா இருக்கும், அவ்வளவுதான். பிரேக்குக்காரனுக்கு அந்தப் பேரு வந்துட்டா, அப்புறம் ஒருத்தனும் உன் கையில சாவியைக் குடுக்கமாட்டான்."

"அதுக்காக நீங்க…"

"அளந்தது என் கைதானே? பேடைப் பார்க்காம நம்பரைச் சொன்னது என் வாய்தானே?"

"அந்த ஆளு அவசரப்படுத்தினதால சொன்னீங்க!" என்று அக்கா வெடித்தாள். "அதையும் சேர்த்துச் சொல்லுங்களேன். யாருக்கு பயம்?"

அவள் எழுந்துபோய் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அழுகிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் எழுந்து போகவில்லை.

அடுத்த இரண்டு நாளும் மில்லி அந்த வண்டியை விட்டு நகரவில்லை. புதுப் பேடோடு மறுபடி களிமண் அப்பி அளந்தார். தட்டின் கனத்தை முடிவு செய்து கடைசலுக்குக் கொடுத்தார். வந்த தட்டை ஒன்றுக்கு மூன்று முறை அளந்து பார்த்தார். பழைய போல்ட்டுகளை அடித்து வெளியே எடுத்து, நீளமானதை மாப்ளயோடு சேர்ந்து இழுத்துப் பொருத்தினார். மட்கார்டு விளிம்பை மடிப்பதுதான் பெரிய வேலை. சூடு கம்மியானால் பெயிண்ட் வெடிக்கும், கூடினால் கொப்பளிக்கும். சூடான காற்றை அடித்து, புறங்கையால் தொட்டுப் பார்த்து, உருளையை ஒரு மயிரிழை அழுத்தி, மறுபடி சூடு காட்டி, மறுபடி அழுத்தினார். நான்கு பக்கமும் ஒரு கீறல் விழவில்லை. பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, பட்டறை ஆட்களை எல்லாம் பின்சீட்டில் ஏற்றி உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துப் பார்த்தார். எங்கும் உரசவில்லை.

"போற போக்குல இப்படி ஒரு வேலையா மாமா?" என்று மாப்ள மெதுவாகக் கேட்டான்.

"வண்டி என்னடா பாவம் பண்ணுச்சு?"

வண்டிக்காரப் பையன் வெயில் சாயும் நேரத்துக்கு வந்தான். முதலாளி வண்டியை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பையன் ஒரு சுற்று சுற்றி வந்தான். முன்வீலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தான். டயரும் மட்கார்டும் ஒரே கோட்டில், ஒட்டியும் ஒட்டாமலும் நின்றன. வீல் ஆரங்களுக்குள்ளே சிவப்புக் காலிபர் நிறைந்து தெரிந்தது.

"அடேங்கப்பா!" என்றான். "முதல்ல சொன்ன நம்பர்னா இன்னும் உள்ள போயிருக்கும் இல்ல? நான் பயந்துக்கிட்டே வந்தேன் சார். இது சும்மா அப்படியே வழிச்சு விட்ட மாதிரி இருக்கு."

"அதான் சார், நான்தான் கடைசி நேரத்துல மாத்தச் சொன்னேன்," என்றார் முதலாளி. "உள்ள ஒடுங்கினா எடுபடாது. ஸ்பேசர், போல்ட்டு, மட்கார்டு வேலை எல்லாம் பில்லுல தனியா வரும், பார்த்துக்கங்க."

"அதுக்கென்ன சார்! என் ஃபிரெண்ட்ஸ் ரெண்டு பேர் வண்டி இருக்கு. அதுக்கும் இதே மாதிரிதான் வேணும்."

மாப்ள துணியில் கையைத் துடைத்தபடி முதலாளியின் பக்கத்தில் வந்து நின்றான். "முதலாளி, இதுல நஷ்டம்னு ஒண்ணும் இல்லியே. மாமா இருக்கட்டும். அந்த ரெண்டு வண்டிக்கும் அவர்தானே…"

"அந்த இடத்துக்குத் திங்கக்கிழமை ஆள் வரான். சொல்லியாச்சு," என்றார் முதலாளி, பையனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மாறாமலே. "கஸ்டமர் முன்னாடி இதெல்லாம் பேசாத."

மில்லி முன்வீலருகே மண்டியிட்டு, கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். முதலாளி சொன்னது அவர் காதில் விழுந்தது. முறுக்கு போதுமென்று ஸ்பானர் டிக் என்று சொல்லும் வரை முறுக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

பையன் போனை எடுத்தான். முதலாளி சட்டையை இழுத்துவிட்டு, வீலுக்குப் பக்கத்தில் மட்கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க, கொஞ்சம் தள்ளிக்கங்க," என்றான் பையன் மரியாதையாக. "உங்க நிழல் வீல் மேல விழுது."

மில்லி ஒரு எட்டு தள்ளி நின்றார். சாய்ந்த வெயிலில் நிழல் நீளமாக வந்து இன்னும் டயரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம்," என்றார் முதலாளி.

கையில் ஸ்பானரோடு மில்லி பக்கவாட்டில் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் என்று சொல்லச் சொல்ல நகர்ந்து, கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கி நின்றார். இப்போது வீல் பளிச்சென்று இருந்தது.

"சூப்பர், அங்கேயே இருங்க," என்று சொல்லிவிட்டுப் பையன் படம் எடுத்தான்.